கடல் மாறியதா, கழுவல் மாறியதா?

ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் பாம்பனுக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகவேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களைக் கடல் கடக்கும் முன் நிறுத்திவைத்த முகாம் அது. கொள்ளைநோய் தன் கரையில் இறங்கிவிடக் கூடாதே என்று அஞ்சிய இலங்கை அரசு, இந்தக் கரையிலேயே அவர்களைத் தனிமைப்படுத்தி, தடுப்பூசி போட்டு, துணிமணிக்குக் கிருமிநீக்கம் செய்து, அதன் பிறகுதான் கப்பலேற விட்டது. அந்த முகாம் வளாகத்துக்குத்தான் 1949இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்து சேர்ந்தது. 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை, இந்தியக் கடல் மீன்வள ஆய்வுக்கு மண்டபம்தான் தலைநகரம். மனிதர்களைக் கழுவி அனுப்பிய இடத்தில் புட்டிகளைக் கழுவும் வேலை ஆரம்பமானது.

மண்டபத்தில் மொண்ட கடல்நீரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். மொண்ட பாத்திரத்தைப் பற்றிய பேச்சு குறைவு. இந்த எழுபது ஆண்டுகளில் அடியோடு மாறிப்போனது அந்தப் பாத்திரத்தைக் கழுவும் முறை. ஏன் கழுவுகிறோம் என்ற கேள்விக்கான பதிலே இரண்டு முறை மாறியிருக்கிறது. அது தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கடலைப் பற்றிப் பிழையான முடிவுக்குத்தான் வருவோம்.

கருவியைக் காக்கக் கழுவிய காலம்

மண்டபத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பக்கத்திலும் கரையோர நீரின் உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், ஊட்ட உப்புகள் ஆகியவை பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்று ஆர். ஜெயராமன் எழுதிய கட்டுரை 1954இல் வெளியானது. இந்தக் கரையின் நீரைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தக் காலத்துக் கடலாய்வின் அடையாளக் கருவி நான்சென் புட்டி. பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் வால்வு. கம்பியில் கட்டி ஆழத்தில் இறக்குவார்கள். பிறகு மேலிருந்து ஓர் எடைக்கட்டியைக் கம்பி வழியே நழுவ விட்டால், அது போய் மோதும் அடியில் புட்டி தலைகீழாகப் புரண்டு அந்த ஆழத்து நீரோடு மூடிக்கொள்ளும். மேல்மட்ட நீருக்கு வாளியே போதும்.

கரைக்குத் திரும்பியதும் இவற்றையெல்லாம் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். உப்பு காய்ந்தால் வால்வு இறுகும், பித்தளை பச்சை பூக்கும், கம்பி துருவேறும் என்பதுதான் காரணம். மிதவை உயிரிகளைப் பிடிக்கும் வலை அப்போது பட்டுத் துணியில் தைத்தது. உப்போடு விட்டால் மக்கிப் போகும் என்று அதையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவி கெட்டால் மாற்று கிடைக்க மாதக்கணக்காகும். கடலிடமிருந்து கருவியைக் காப்பாற்றுவதுதான் அன்றைய கழுவலின் நோக்கம்.

ஆய்வகத்துக்குள் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு வேறு வைத்தியம். பொட்டாசியம் டைக்ரோமேட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்த குரோமிக் அமிலம் அந்தத் தலைமுறை ஆய்வகங்களில் தொட்டி தொட்டியாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்வரை உயிரோடு இருக்கிறது, பச்சையானால் செத்துவிட்டது என்பது லேப் அட்டெண்டர்களின் கணக்கு. எந்தப் பிசுக்கையும் தின்றுவிடும், ஒரு துளி தெறித்தால் வேட்டியையும் தின்றுவிடும். அதில் உள்ள ஆறிணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது தெளிவான பிறகு, இன்றைய ஆய்வகங்களில் அந்தத் தொட்டி அநேகமாக இல்லை.

அன்றைய முறையை அலட்சியம் என்று சொல்ல முடியாது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த உப்பை அளக்கும்போது பித்தளையிலிருந்து கசியும் துளி செம்பால் முடிவு மாறிவிடாது. கரைந்த ஆக்சிஜனுக்கு 1888இல் வின்க்லர் கண்ட முறைதான். அங்கே அஞ்சவேண்டியது காற்றுக் குமிழிக்கு. அளக்கும் பொருள் பெரியதாக இருந்ததால் பாத்திரத்தின் அழுக்கு கணக்கில் வரவில்லை.

கழுவும் பொருளே அழுக்கான காலம்

1959இல் 'சர்ஃப்' இந்தியச் சந்தைக்கு வந்தது. சோப்புக் கட்டியும் சோடா உப்பும் இருந்த இடத்தில் சலவைத்தூள் வந்தமர்ந்தது, ஆய்வகத் தொட்டியடியிலும்தான். சலவைத்தூள்களில் கடின நீரை மென்மையாக்கப் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். கடல்நீரில் நாம் தேடுவதும் பாஸ்பேட், அதுவும் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். பளிச்சென்று கழுவிய புட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் சலவைத்தூளின் மிச்சமே, உள்ளே இருக்கும் கடல்நீரை விடப் பெரிய பாஸ்பேட் கிடங்காக இருக்க முடியும். அதனால்தான் ஊட்ட உப்புகளை அளக்கும் இடத்தில் பாஸ்பேட் இல்லாத சோப்புக் கரைசல், அதன் பின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசியில் டிஸ்டில்ட் வாட்டர் என்ற வரிசை வந்தது.

இதைவிடப் பெரிய அடி ஈயத்தால் விழுந்தது. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், அந்தக் கணக்குக்காக ஈயத்தை அளக்கப் போனபோதுதான் தன் ஆய்வகத்தின் காற்று, தூசி, பாத்திரம், அமிலம் எல்லாமே ஈயம் பூசிக்கொண்டிருப்பதைக் கண்டார். பிறகு கடல்நீருக்கு வந்தார். கப்பலின் சாயம், கம்பியின் மசகு, புகைபோக்கியின் கரி, மாலுமியின் கை என்று ஒவ்வொன்றாக விலக்கி, புட்டிகளைச் சூடான அமிலத்தில் ஊறவைத்து அளந்தபோது, அதுவரை அச்சில் இருந்த எண்கள் சரிந்தன. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கடல்நீரில் உள்ள நுண்ணளவு உலோகங்கள் பலவற்றின் ஏற்கப்பட்ட அளவு பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக, சிலவற்றில் ஆயிரத்தில் ஒன்றாகக்கூட இறங்கியது. கடல் சுத்தமாகிவிடவில்லை. அதுவரை அறிவியலாளர்கள் அளந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி அவர்கள் கப்பலின் அழுக்கு.

அதற்குப் பின் பித்தளைப் புட்டி ஒதுங்கியது. 1966இல் ஷேல் நிஸ்கின் அறிமுகப்படுத்திய பிளாஸ்டிக் புட்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. எஃகுக் கம்பிக்குப் பதில் உலோகம் கலக்காத கயிறு வந்தது. மண்டபத்துக் கரையிலிருந்து ஃபைபர் படகில் உலோக மாதிரி எடுக்கப் போகும் குழுவின் ஆயத்தம் இன்று படகேறும் நாளுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. பாலிதீன் புட்டிகள் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாளாவது ஊறவேண்டும். மும்முறை அலசி, தூசியில்லாத இடத்தில் கவிழ்த்து உலர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பைகளில் போடவேண்டும்.

படகில் இருவருக்கு இரண்டு வேலை. ஒருவர் கயிறு, நங்கூரம், வெளிப்பை இவற்றை மட்டும் தொடுவார். இன்னொருவர் உள்பையையும் புட்டியையும் தவிர வேறெதையும் தொடமாட்டார். காற்று வரும் பக்கம் படகைத் திருப்பி, எஞ்சின் புகை எட்டாதபடி அணியத்தில் நின்று நீர் எடுக்கவேண்டும். படகோட்டும் அண்ணனிடம் இந்தச் சடங்கையெல்லாம் விளக்குவதும் வேலையில் ஒரு பகுதிதான். பத்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போகக் கூடாது என்பதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றுமில்லை.

இந்தக் காலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று எந்தக் கருவியையும் சொல்ல மாட்டேன். வெற்று மாதிரியைத்தான் சொல்வேன். கழுவிய கருவிக்குள் தூய நீரை ஊற்றி, கடல்நீரைப் போலவே அதையும் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்புவது. அந்த நீரில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைய கடல்நீர் எண்கள் எதையும் நம்பமுடியாது. 'நன்றாகத்தான் கழுவினோம்' என்ற வாய்மொழிக்குப் பதிலாக, கழுவியதற்குச் சாட்சியாக ஒரு புட்டி வந்து நிற்கிறது.

புட்டிக்கு ஒரு சட்டம்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஒரே நாளில் எல்லாச் சோதனைக்கும் நீர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஊட்ட உப்புக்கான புட்டியை, எடுக்கப்போகும் அதே கடல்நீரில் மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்பவேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கான புட்டியை அலசவே கூடாது, ஆட்டோகிளேவில் கிருமிநீக்கி மூடியபடியே கொண்டுவந்து, நீருக்குள் திறந்து நிரப்பி மூடவேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கான கண்ணாடிப் புட்டியையும் அலசக் கூடாது. முதல் முறை அலசும்போதே எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும், திரும்பத் திரும்ப அலசினால் நீரில் இருப்பதைவிட அதிக எண்ணெய் சேர்ந்துவிடும். ஆக்சிஜன் புட்டியைக் குமிழியில்லாமல் வழியவிட்டு மூடவேண்டும். கோயிலின் 22 தீர்த்தக் கிணறுகளில் குளோரின் போட்டிருந்தால் அங்கே நுண்ணுயிர்ப் புட்டிக்குள் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இடவேண்டும். இல்லையென்றால் வரும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, நீரைச் சுத்தமென்று காட்டிவிடும்.

'சுத்தமான புட்டி' என்று பொதுவாக ஒன்று இல்லை. எதைத் தேடுகிறோமோ அது இல்லாத புட்டிதான் சுத்தம். அன்று ஒரு வாளியும் ஒரு புட்டியும் எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தன. இன்று ஒரே அலைக்கு ஐந்து புட்டி, ஐந்து விதக் கழுவல். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3025, ஐ.எஸ். 1622 ஆகிய தரநிலைகளில் நீர் மாதிரி எடுக்கும் முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த அறிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதுநிலைப் பட்டம் முடித்தவர் செய்துவந்த வேலையில் ஒரு பகுதி, குழாயடியில் குடத்தோடு நின்ற அக்காக்களின் கைக்கு வந்திருக்கிறது. சோதனைக் குழாயை எந்த நீரால் அலசுவது என்பது இப்போது அவர்களுடைய கேள்வியும்கூட.

திரும்பி வந்த உலோகம்

ராமேஸ்வரம் கடற்கரைகளில் பிளாஸ்டிக் குப்பையும் நுண்பிளாஸ்டிக்கும் பரவியிருப்பதைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018இல் மெரைன் பொல்யூஷன் புல்லட்டின் இதழில் வந்தது. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்தும், 2025 மே மாதம் கேரளக் கடலில் கவிழ்ந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்தும் கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் தென்கடற்கரைகளை இந்தச் சிக்கலுக்கு இன்னும் நெருக்கமாக்கின.

உலோகத்தைத் தேடியபோது உலோகக் கருவியைத் தூக்கிப்போட்டு பிளாஸ்டிக்கைப் பிடித்தார்கள். இப்போது தேடுவது பிளாஸ்டிக்கை. பட்டுக்குப் பதில் வந்த நைலான் வலை, பித்தளைக்குப் பதில் வந்த பிளாஸ்டிக் புட்டி, கையுறை, கயிறு, படகின் ஃபைபர், மீட்பு மேலங்கியின் செயற்கை இழை எல்லாம் சந்தேக வட்டத்துக்குள் வந்துவிட்டன. எனவே எவர்சில்வர் சல்லடை, உலோகக் கரண்டி, கண்ணாடி ஜாடி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள். அலசும் நீரையும் வடிகட்டித்தான் பயன்படுத்தவேண்டும். ஆய்வாளர் பருத்தி உடுப்பு போடுவது நல்லது, அதுவும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மாதிரியில் அந்த நிற இழை தென்பட்டால் அது கடலுடையதல்ல, சட்டையுடையது என்று கண்டுபிடித்துவிடலாம். வலையைத் தவிர்க்க முடியாத இடத்தில் அந்த வலையின் இழையையே ஒரு துண்டு எடுத்து ஒப்புமைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

கடலைக் காக்கக் கழுவும் காலம்

கருவியைக் கடல் கெடுக்கும் என்று முதலில் அஞ்சினோம். மாதிரியைக் கருவி கெடுக்கும் என்று பிறகு உணர்ந்தோம். இப்போது மூன்றாவதாக ஒன்று: கடலையே கருவி கெடுக்கலாம்.

மண்டபம், பாம்பன் பக்கத்து மக்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தென்கடலில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. காலையில் வடகடலில் நனைந்த கயிறும் வலையும் நீச்சல் உடுப்பும் மதியம் ஜீப்பில் சில நிமிடத்தில் தென்கடல் பவளப்பாறையில் இறங்கிவிட முடியும்.

இதில் என்ன ஆபத்து என்பதை இந்தக் கரையே காட்டியது. மண்டபத்தில் மிதவை கட்டி வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பது 2008இல் பதிவானது. 1927இலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் தனி மலர் வெளியிட்டு கரையோர உயிரினங்களைப் பதிவுசெய்த தீவு அது. அந்தப் பாசி உடைந்த ஒரு துண்டிலிருந்தே புதுப் பயிராகும் தன்மையுள்ளது. அப்படிப்பட்ட துண்டு கயிற்று முறுக்குக்குள்ளும் வலைக் கண்ணுக்குள்ளும் ஒளிந்து பயணம் போகும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2014இல் முதலில் தென்பட்ட பவளத்திசு அழிவு நோய் கரீபியன் கடலெங்கும் பரவியபோது, அங்கே முக்குளிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் பரிந்துரைக்கப்பட்டது. நோயுற்ற பாறையில் மூழ்கிவிட்டு வேறு பாறைக்குப் போகும் முன் கருவிகளைக் கிருமிநீக்கிக் கரைசலில் ஊறவைத்து, நல்ல நீரில் அலசவேண்டும். அந்த நோய் நம் கடலுக்கு வரவில்லை. ஆனால் 2010இலும் 2016இலும் வெப்பத்தால் வெளுத்துத் தளர்ந்த மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு இன்னொரு நோயைச் சுமந்துபோகும் ஆள் நாமாக இருக்கக் கூடாது என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

இந்தப் பாடத்தை அறிவியலாளர்களுக்கு முன்பே இறால் பண்ணைக்காரர்கள் நஷ்டப்பட்டுக் கற்றார்கள். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளை அழித்தது. வளர்ச்சி பார்க்கப் போடும் வீச்சு வலை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு அப்படியே போனால் நோயும் கூடவே போகும். குளத்துக்கு ஒரு வலை, வாசலில் கால் நனைக்கும் தொட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசல் என்ற ஒழுங்கு அந்த இழப்பில் பிறந்தது. இன்று சுற்றுச்சூழல் டி.என்.ஏ. எடுப்பவர்களுக்கும் அதே மருந்துதான். நீரில் மிதக்கும் மரபுத் துணுக்குகளைக் கொண்டு எந்த உயிர் அங்கே இருக்கிறது என்று சொல்லும் இந்த முறையில், நேற்றைய இடத்தின் துணுக்கு ஒன்று வடிகட்டியில் தங்கினால் இல்லாத மீன் இருப்பதாகிவிடும். பிளீச் அந்தத் துணுக்கை உடைக்கும். சரியாக அலசாவிட்டால் இன்றைய மாதிரியையும் உடைக்கும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இவ்வளவு கழுவலும் நடக்கவேண்டிய இடம் ராமநாதபுரம். கண்மாய் நிறைந்தால் விசேஷம், கிணறு உவர்த்தால் வழக்கம், காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடம் வரிசை. இந்தக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் குளோரைடும் இருக்கும், கடல்நீரில் தேடுவதும் அவற்றைத்தான். அதனால் கடைசி அலசலுக்கு அது ஆகாது. கண்ணாடி வாலையில் ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் இறங்க, குளிர்விக்கும் குழாய் வழியே அதைப் போலப் பல மடங்கு நீர் ஓடி வீணாகும். இன்றைய சவ்வு, ரெசின் கருவிகள் 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் மின்தடை உள்ள நீரைத் தருகின்றன. அவையும் உவர்நீரைத் தின்று பாதியைக் கழிவாகத் துப்புபவைதான். தண்ணீர்த் தட்டுப்பாட்டு மாவட்டத்தில் தண்ணீரைச் சோதிக்க இவ்வளவு தண்ணீர் போகிறது என்பது சங்கடமான உண்மை.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது அடுத்தது. முன்பு அமிலமும் பார்மலினும் வடிகாலிலோ படகின் ஓரத்திலோ போனதைக் கேள்வி கேட்டவர் குறைவு. இன்று அமிலக் கழிவைக் கேனில் திருப்பி எடுத்துவந்து நடுநிலையாக்க வேண்டும். பிளீச் கரைசலைத் தயோசல்பேட் கொண்டு முறித்துவிட்டுத்தான் கொட்டவேண்டும், அதுவும் பவளப்பாறை பக்கத்தில் கூடாது. வெயிலில் பிளீச்சின் வீரியம் விரைவில் குறைந்துவிடும், ஆகவே அன்றன்றைக்குக் கரைக்கவேண்டும். சட்டங்களும் கையேடுகளும் இவற்றைச் சொல்கின்றன. மாணவர் ஆய்வுக்கு ஒதுக்கும் தொகையில் படகு வாடகை இருக்கும், ரசாயனம் இருக்கும், கழுவுவதற்கென்று ஒரு வரி இருப்பது அபூர்வம். பணமும் நேரமும் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது வெற்று மாதிரிதான். அது எந்தக் கட்டுரையிலும் கண்டுபிடிப்பாக வராதே!

எதை எதோடு ஒப்பிடலாம்?

'அந்தக் காலத்துக் கடல் எப்படியிருந்தது?' என்று கரைக்காரர்களும் கேட்கிறார்கள், நீதிமன்றங்களும் கேட்கின்றன. பதில் சொல்லப் பழைய ஏட்டைத்தான் புரட்டவேண்டும். 1954இன் உப்புத்தன்மை எண்ணை இன்றைய எண்ணோடு தைரியமாக ஒப்பிடலாம், பித்தளையும் வாளியும் அதைக் கெடுக்கவில்லை. ஆக்சிஜனையும் ஒப்பிடலாம். பாஸ்பேட் என்றால், எந்தச் சோப்பில் கழுவினார்கள் என்று கேட்டுவிட்டு ஒப்பிடவேண்டும். 1980க்கு முந்தைய ஈயம், செம்பு, துத்தநாக எண்களைக் கொண்டு, கடல் இப்போது சுத்தமாகிவிட்டது என்று யாராவது வாதாடினால் அந்த வாதம் நிற்காது. நுண்பிளாஸ்டிக்குக்கோ பழைய ஏடே இல்லை. இன்று வெற்று மாதிரி இல்லாமல் எழுதும் எண்ணை அறுபது வருடம் கழித்து வருகிறவர்கள், நாம் பித்தளைப் புட்டிச் செம்பை ஒதுக்குவதைப் போலவே ஒதுக்கிவிடுவார்கள்.

ஆகவே களக் குறிப்பேட்டில் தேதி, இடம், அலை, காற்று என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: எதில் கழுவினோம், எந்த நீரில் அலசினோம், வெற்று மாதிரி என்ன காட்டியது. மாசுக் கட்டுப்பாட்டு அறிக்கையானாலும் முனைவர் பட்ட ஆய்வேடானாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எண்ணை ஏற்காமல் திருப்பி அனுப்பும் வழக்கம் வந்தாலே போதும். அப்போதுதான் கடல் மாறியிருக்கிறது என்று நாம் சொல்லும்போது அது கடலைப் பற்றிய செய்தியாக இருக்கும்.